கூடுதல் கிரெடிட் கார்டு கொடுத்தாச்சு, செலவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

தன் கிரெடிட் கார்டு கணக்கிலேயே மனைவிக்கோ மகனுக்கோ அப்பாவுக்கோ இன்னொரு அட்டை எடுத்துக் கொடுத்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் முதன்மை அட்டைதாரர். அவர் சொல்லி அட்டை பெற்றவர் கூடுதல் அட்டைதாரர். வசதிகள் வங்கிக்கு வங்கி மாறும், அடிப்படைச் சங்கதி பெரும்பாலும் ஒன்றுதான்.

கூடுதல் அட்டைக்கென்று தனிக் கணக்கு உண்டா?

கிடையாது. ஒரே தொட்டி, இரண்டு குழாய். கணக்கின் மொத்த வரம்பு 1,00,000 என்றால் இரண்டு அட்டைகளும் சேர்ந்தே 1,00,000. மகன் 70,000க்குத் தேய்த்துவிட்டால் உங்கள் அட்டையில் மிச்சம் 30,000. கடையில் பையைக் கையில் வாங்கிய பிறகு, அட்டை மறுக்கப்படும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது.

பில் ஒன்று, கட்ட வேண்டிய கடைசித் தேதியும் ஒன்று. அட்டை எண் மட்டும் சில வங்கிகளில் வேறாக இருக்கும், சிலவற்றில் ஒன்றாகவே இருக்கும். சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும் இதைக் கேட்டுவிட்டே அட்டை எடுங்கள். எண் வேறாக இருந்தால் யார் எதை வாங்கினார்கள் என்று பில்லில் பிரித்துப் பார்ப்பதும், ஒரு அட்டையை மட்டும் பூட்டுவதும் சுலபம்.

“நான் வாங்கவில்லை, அவர்தான் வாங்கினார்” என்று வங்கியிடம் சொன்னால் எடுபடுமா?

எடுபடாது. அட்டையை அவர் கையில் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீங்கள். அந்தக் கையெழுத்தோடு அவர் செய்யும் செலவுக்கெல்லாம் நீங்கள் பொறுப்பு. நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்த பொருளை அவர் வாங்கியிருந்தாலும் வங்கிக்கு அது முறையான செலவுதான். “வீட்டுச் சாமானுக்கு மட்டும்” என்பது உங்கள் இருவருக்குள் பேசிக்கொண்ட பேச்சு, அது வங்கியைக் கட்டுப்படுத்தாது.

கோபத்தில் இதை மோசடி என்று புகார் கொடுக்கிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். அட்டையின் சிப் படிக்கப்பட்டதா, பின் எண் போடப்பட்டதா, எந்தக் கைப்பேசியிலிருந்து பணம் போனது என்பதெல்லாம் வங்கியிடம் பதிவாகியிருக்கும். பொய்ப் புகார் என்று தெரிந்தால், நாளைக்கு உண்மையாகவே திருட்டு நடக்கும்போது உங்கள் பேச்சு நிற்காது.

கூட்டுக் கணக்கு என்பது வேறு. அது இருக்கும் இடங்களில் கடனுக்கு இருவருமே பொறுப்பு. கூடுதல் அட்டையில் செலவு அவருக்கு, கடன் உங்களுக்கு. மற்ற எல்லாக் கேள்விகளும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

கூடுதல் அட்டைக்கு மட்டும் தனி வரம்பு வைக்க முடியுமா?

பல வங்கிகளில் முடியும். இருக்கிற வசதிகளிலேயே இதுதான் உருப்படியானது என்பேன். வரம்பைத் தாண்டும் செலவு கடையிலேயே நின்றுவிடும். பில் வந்த பிறகு நடக்கும் வாக்குவாதத்தால் ஒரு பைசா திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்தத் தனி வரம்பைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். முதலில், இது ஒதுக்கீடு இல்லை, உச்சவரம்பு. அம்மாவின் அட்டைக்கு 20,000 என்று வைத்தால், அவருக்காக 20,000 எடுத்துத் தனியே வைக்கப்படுவதில்லை. மொத்த வரம்பில் 95,000 வரை நீங்களே செலவழித்துவிட்டால் அம்மாவுக்கு மிஞ்சுவது 5,000தான். மருந்துக்கடையில் அவர் அட்டை மறுக்கப்பட்டதற்கு அவர் காரணமாக இருக்க மாட்டார்.

அடுத்தது, வரம்பு எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்பது. சில இடங்களில் பில் சுழற்சி முடிந்ததும், சில இடங்களில் மாதம் பிறந்ததும், சில இடங்களில் நீங்கள் பணம் கட்டியதும். மூன்றாவது வகையில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர் 20,000 செலவழிக்கிறார், வட்டி வேண்டாமே என்று நீங்கள் உடனே கட்டிவிடுகிறீர்கள், வரம்பு மறுபடி திறந்துகொள்கிறது. அவர் மறுபடி 20,000. ஒரே மாதத்தில் 40,000 போய்விடும், வரம்பு மீறவும் இல்லை! வங்கியைக் கூப்பிட்டு, “நடுவில் பணம் கட்டினால் அவர் வரம்பு மறுபடி திறக்குமா?” என்று அதே வார்த்தைகளில் கேளுங்கள்.

ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் சில ஆப்களில் உண்டு. பெரிய செலவுக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசட்டும் என்று நினைப்பவர்களுக்கு மாத வரம்பைவிட இது பொருந்தும்.

எவ்வளவு வரம்பு வைப்பது?

மனதில் தோன்றும் எண்ணை வைக்காதீர்கள். கடைசி மூன்று பில்களை எடுத்து, அவர் செலவை மட்டும் கூட்டி, மூன்றால் வகுத்து, அதன்மேல் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்து வையுங்கள். இறுக்கிப் பிடித்த வரம்பு மாதக் கடைசியில் அவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கும். அப்புறம் நடக்கும் சண்டையில் கோபப்பட்டு வரம்பையே எடுத்துவிடுவீர்கள்.

எங்கள் வங்கியில் தனி வரம்பே கிடையாதாம். என்ன செய்வது?

இரண்டு வழி. கணக்கின் மொத்த வரம்பையே குறைக்கச் சொல்லலாம். ஆனால் உங்கள் கையையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறீர்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: சின்ன வரம்புள்ள வேறொரு கிரெடிட் கார்டு உங்கள் பெயரில் எடுத்து, கூடுதல் அட்டையை அதில் மட்டும் கொடுப்பது. அந்தக் கணக்கில் நீங்கள் எதுவும் வாங்காதீர்கள். அந்த பில் முழுக்க அவருடையது என்பதால் கணக்குப் பிரிக்கும் வேலையே இல்லை.

படிக்கும் பிள்ளைக்கு என்றால், முன்கூட்டியே பணம் போட்டுப் பயன்படுத்தும் ப்ரீபெய்ட் அட்டை போதும். போட்ட பணம் தீர்ந்தால் அட்டையும் நின்றுவிடும்.

வரம்பு வைத்தும் அதைத் தாண்டி பில் வந்திருக்கிறதே, எப்படி?

அட்டையைத் தேய்க்கும்போது வங்கி கொடுப்பது அனுமதி மட்டும். பணம் கணக்கில் ஏறுவது ஒன்றிரண்டு நாள் கழித்து. இரண்டுக்கும் நடுவில் தொகை மாறலாம். ஹோட்டலில் அறை எடுக்கும்போது ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், கிளம்பும்போது வேறு தொகை ஏறும். வெளிநாட்டுப் பணத்தில் வாங்கினால் மாற்று விகிதம் நடுவில் நகர்ந்திருக்கும். விமானத்துக்குள் விற்கும் பொருள் போன்ற சில செலவுகளில் இயந்திரம் அந்த நிமிடம் வங்கியைக் கேட்பதே இல்லை. விவரத்தைச் சேர்த்து வைத்து அப்புறம் அனுப்பும்.

இதோடு கட்டணமும் வட்டியும் வேறு. அவை வரம்புக்குள் எண்ணப்படுமா என்பதை வங்கியின் விதித் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். மொத்தத்தில் வரம்பு மதில் சுவர் இல்லை, நல்ல வேலி. கொஞ்சம் வளையும்.

வேறு எதையெல்லாம் அணைத்து வைக்கலாம்?

வங்கி ஆப்பில் அட்டையைத் தொட்டு உள்ளே போனால் வரிசையாகப் பொத்தான்கள் இருக்கும்: இணையத்தில் வாங்குவது, வெளிநாட்டில் பயன்படுத்துவது, தட்டிச் செலுத்துவது, ஏடிஎம்மில் பணம் எடுப்பது. எல்லா வங்கியிலும் எல்லாமும் இருக்காது. இருப்பவற்றில் ஏடிஎம் பொத்தானை முதலில் அணையுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் பொதுவாக வட்டியில்லா நாட்கள் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், எடுத்ததற்குக் கட்டணமும் தனி. அந்த ரொக்கம் எங்கே போனது என்று பில்லிலும் தெரியாது.

வெளிநாட்டுப் பயன்பாட்டை அவர் பயணம் போகும்போது திறந்தால் போதும். ஆனால் ஒன்று: சில சந்தாக்களும் ஆப்களும் உள்நாட்டுக் கடைபோல இருந்துகொண்டு வெளிநாட்டிலிருந்து பணம் எடுப்பவை. பொத்தானை அணைத்த மறுநாள் அவருடைய பாட்டுச் சந்தா நின்றுபோனால் காரணம் அதுதான்.

குறிப்பிட்ட வகைக் கடைகளை மட்டும் தடுக்கலாமா?

சில வங்கிகளில் தடுக்கலாம். நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் அட்டைகளில் இது சர்வ சாதாரணம், வீட்டு அட்டைகளில் குறைவு. அட்டை வாங்கும் ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்க வணிக வகை எண் ஒன்று உண்டு. பலசரக்கு, சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு 5411, உணவகங்களுக்கு 5812, சூதாட்டத்துக்கு 7995, கேம் போன்ற மின்பொருட்களுக்கு 5816. வங்கி பார்ப்பது இந்த எண்ணைத்தான், பையில் என்ன இருக்கிறது என்பதை அல்ல.

அதனால் இதை ஓரளவுக்குத்தான் நம்பலாம். 5411 கடையில் அரிசியும் வாங்கலாம், ஹெட்போனும் வாங்கலாம். எல்லாவற்றையும் விற்கும் இணையக் கடைக்குப் பெரும்பாலும் ஒரே எண்தான். தடுக்கப்பட்ட இடத்தில் நேரடியாகத் தேய்க்க முடியாதவர், வாலெட்டில் பணம் ஏற்றி அங்கிருந்து செலவழிக்கலாம். சூதாட்டம்தான் உங்கள் கவலை என்றால் இந்தத் தடையைப் போட்டு, கூடவே வாலெட் ஏற்றத்தையும் தடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஓடிபி என் கைப்பேசிக்கு வரும்படி வைத்திருக்கிறேன். நான் சொல்லாமல் எதுவும் வாங்க முடியாதல்லவா?

வாங்க முடியும். கடையில் தட்டிச் செலுத்தினால் ஓடிபி கிடையாது. சிப்பைச் சொருகிப் பின் எண் போட்டாலும் கிடையாது. பல வெளிநாட்டு இணையதளங்கள் அட்டை எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணையும் மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்துவிடும். முதல் தடவை ஓடிபி கேட்ட சந்தா, அடுத்த மாதத்திலிருந்து கேட்காமலே ஓடும்.

நடைமுறைத் தொல்லையும் உண்டு. அப்பா டிக்கெட் எடுக்க உட்கார்ந்திருப்பார், நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள். மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நான்காவது நாள் “அந்த ஓடிபியை எனக்கே வர வைத்துவிடு” என்பார். நீங்களும் சரி என்பீர்கள். ஓடிபி அவருக்குப் போகட்டும், செலவுச் செய்தி உங்களுக்கும் சேர்த்து வரட்டும். அதுதான் ஓடும் வண்டி.

செலவுச் செய்தியை எப்படி அமைப்பது?

முதல் வேலை, “இவ்வளவுக்கு மேல் போனால் மட்டும் தெரிவி” என்ற தொகையை ஆப் அனுமதிக்கும் அளவுக்குக் கீழே இறக்குவது. பெரிய செலவுகள் எப்படியும் கண்ணில் படும். கையைக் கடிப்பவை சின்னச் சின்னவை: கேமில் ஒரு வாள், ஒரு மந்திரக்கல், இன்னொரு வாள். இரவு பதினொன்றே காலுக்கு ஒரே தொகை ஆறு தடவை அடுத்தடுத்து வந்து கைப்பேசி அதிர்ந்தால், எழுந்து போய்ப் பிள்ளையின் அறைக் கதவைத் தட்டலாம். பில்லில் அதே ஆறு வரிகளை மூன்று வாரம் கழித்துப் பார்த்துப் புண்ணியமில்லை.

ஆனால் எல்லாச் செய்தியும் வந்தால் பத்து நாளில் பார்ப்பதை விட்டுவிடுவோம், அதுவும் நிஜம். கூடுதல் அட்டையின் செய்திக்கு மட்டும் தனி ஒலி வைக்க முடிந்தால் வையுங்கள். செய்தியில் அட்டையின் கடைசி நான்கு எண்கள் இருக்கும், யாருடைய செலவு என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டு அட்டைக்கும் ஒரே எண் என்றால் அதற்கும் வழியில்லை.

உங்களுக்குச் செய்தி வருகிறது என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்து ஒரு நாள் போட்டு உடைப்பது அசிங்கமாக முடியும். உங்கள் பிறந்தநாள் பரிசை அவர் இந்த அட்டையில் வாங்கினால் கடையின் பெயர் உங்களுக்கு முதலில் தெரிந்துவிடும், அதற்கு மருந்தில்லை.

பில்லில் என் பங்கை மட்டும் நான் கட்டுகிறேன், அவர் பங்கை அவர் அப்புறம் கட்டட்டும். சரிதானே?

மச்சான், தம்பி, நண்பர் என்று அட்டை கொடுத்தவர்கள் விழும் குழி இது. பில் 50,000, அதில் உங்களுடையது 30,000, தம்பியுடையது 20,000 என்று வையுங்கள். நீங்கள் தேதிக்குள் 30,000 கட்டுகிறீர்கள். உங்கள் கணக்கில் உங்கள் கடன் தீர்ந்தது. வங்கியின் கணக்கில் 50,000 கடனில் 30,000 வந்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த அட்டைக்காகக் கட்டினீர்கள் என்று வங்கி பிரிப்பதில்லை.

முழுத்தொகை கட்டாததால் வட்டியில்லாச் சலுகை போய்விடும். பல வங்கிகளின் விதிப்படி, வட்டி மிச்சமுள்ள 20,000க்கு மட்டும் வராது. வாங்கிய நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள்வரை அந்த 30,000க்கும் சேர்த்து ஏறும். மிச்சம் தீரும்வரை அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய அன்றே வட்டி தொடங்கிவிடும். தம்பி பத்து நாள் தள்ளிப் போட்டதற்கு நீங்கள் வாங்கிய சாமான் வட்டி கட்டும்.

முழு பில்லையும் தேதிக்குள் நீங்களே கட்டிவிடுங்கள், தம்பியிடம் அப்புறம் வசூலியுங்கள். அவரிடம் வராமல் போனாலும் நஷ்டம் 20,000 மட்டும். முழு பில்லைக் கட்ட உங்கள் கையில் பணம் இருக்காது என்றால், அந்த வரம்புக்குக் கூடுதல் அட்டையே கொடுத்திருக்கக் கூடாது.

அவர் செலவால் என் கிரெடிட் ஸ்கோர் குறையுமா?

குறையலாம். வரம்பில் எவ்வளவு பங்கு பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பது ஸ்கோருக்குள் போகும் கணக்கு. யார் தேய்த்தார் என்று அது பார்க்காது. தாமதமாகக் கட்டினால் அதுவும் உங்கள் பெயரில் ஏறும். கூடுதல் அட்டைதாரரின் பெயரில் பதிவாகுமா என்பது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் பொதுவாக அவருடைய கிரெடிட் அறிக்கையிலும் அந்தக் கணக்கு காட்டப்படும்.

கூடுதல் அட்டைதாரர் வரம்பை உயர்த்தவோ இன்னொருவருக்கு அட்டை கேட்கவோ முடியுமா?

பொதுவாக முடியாது. அதற்கு முதன்மை அட்டைதாரரின் ஒப்புதல் வேண்டும். ஆனால் கடையில் நிற்கும்போதே ஒரு பொருளை இஎம்ஐயாக மாற்ற அவரால் முடியலாம். அப்படிச் செய்தால் பன்னிரண்டு மாதத்துக்கு உங்கள் பில்லில் ஒரு வரி உட்கார்ந்திருக்கும். ரிவார்டு புள்ளிகளை யார் எடுக்கலாம் என்பதையும் கேட்டு வையுங்கள்.

அட்டையை ஆப்பில் பூட்டிவிட்டேன். இனி எதுவும் போகாதல்லவா?

புதிய செலவு போகாது. ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்கள் பல வங்கிகளில் பூட்டையும் தாண்டிப் போகும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் அட்டையைத் தேடுவதற்காகப் பூட்டிய அன்று காப்பீட்டுத் தவணை நின்றுவிடும்.

என் கதையைச் சொல்கிறேன். தம்பியின் அட்டையில் மாதாமாதம் ஒரு கேம் சந்தா. எதில் போய் ரத்து செய்வது என்று அவனுக்கே மறந்துவிட்டது. நான் கெட்டிக்காரத்தனமாக, அட்டை தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புதிய எண் வாங்கினேன். பழைய எண் செத்துவிட்டது, சந்தாவும் செத்தது என்று நினைத்தேன். அடுத்த மாதம் அதே தேதியில், அதே தொகை, புதிய எண்ணில்! விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகள், மாறிய அட்டை எண்ணை அதில் பதிவுசெய்திருக்கும் வணிகர்களுக்குத் தானாகத் தெரிவிக்கும் சேவை நடத்துகின்றன என்பது அப்புறம்தான் தெரிந்தது. கடைசியில் தம்பியின் பழைய மின்னஞ்சலைத் தோண்டி, முதல் ரசீதைக் கண்டுபிடித்து, கேம் கணக்குக்குள் போய் ரத்து செய்தோம். ஐந்து நிமிட வேலை. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

முதன்மை அட்டைதாரர் இறந்துவிட்டால்?

இது கூடுதல் அட்டை வைத்திருப்பவருக்கான பதில். அட்டையைத் தேய்ப்பதை உடனே நிறுத்திவிடுங்கள். அந்தக் கணக்கு இறந்தவருடையது. அவருக்குப் பிறகும் தேய்த்தால் அந்தச் செலவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். வங்கிக்குத் தெரிவித்துவிட்டு உங்கள் பெயரில் தனி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, கூடுதல் அட்டையை மட்டும் நம்பியிருப்பவர் சொந்தமாக ஒரு சின்ன அட்டையோ வேறு வழியோ வைத்திருப்பது நல்லது. வாழ்க்கைத்துணையிடம் வேறு பணமே இல்லாதபோது கோபத்தில் அட்டையைப் பூட்டுவது செலவுக் கட்டுப்பாடு ஆகாது, அது ஆளைக் கட்டிப்போடுவது.

போதும், அட்டையைக் கத்தரியால் வெட்டிப் போட்டுவிட்டேன். முடிந்ததா?

நீங்கள் வெட்டியது பிளாஸ்டிக். அவர் கைப்பேசியில் அட்டையைச் சேர்த்து வைத்திருந்தால் அங்கே அது டோக்கனாக, அதாவது அட்டை எண்ணுக்குப் பதிலாக நிற்கும் மாற்று எண்ணாக, உயிரோடு இருக்கிறது, தட்டினால் பணம் போகும். இணையக் கடைகளில் சேமித்து வைத்த எண்ணும் அப்படியே.

வங்கியைக் கூப்பிட்டு, “இந்தக் கூடுதல் அட்டையை ரத்து செய்யுங்கள், அதன் டோக்கன்களையும் சேர்த்து” என்று சொல்லுங்கள். பூட்டுவது வேறு, ரத்து வேறு, மாற்று அட்டை வேறு. எதிர்முனையில் இருப்பவர் மூன்றில் எதைப் பதிவு செய்கிறார் என்று திரும்பக் கேளுங்கள். மின்னஞ்சலிலோ ஆப் செய்தியிலோ எழுத்தில் வாங்கி வையுங்கள். அதற்கு முன், அந்த அட்டையில் ஓடும் சந்தாக்களைப் பழைய பில்லிலிருந்து எழுதி எடுத்து, ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

ரத்தான பிறகும் முந்தின வாரத்துச் செலவு ஒன்றிரண்டு மெதுவாக வந்து ஏறும், அடுத்த இரண்டு பில்களை வரிவரியாகப் பாருங்கள். அவர் திருப்பிக் கொடுத்த செருப்புக்குப் பணம் வர வேண்டியிருந்தால் அதுவும் பெரும்பாலும் உங்கள் கணக்குக்கே வரும். அதை மறக்காமல் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.